ஸ்டுட்கார்ட்டுக்கு திரும்பிப் போக மனசே வரல, இங்கயே இருந்துடவா?

கேள்வி: மேடம், நான் பொறந்து வளந்தது எல்லாம் மும்பை சயான் கோலிவாடா. போன வருஷம் கல்யாணம் ஆகி செப்டம்பர்ல ஜெர்மனி போனேன், ஸ்டுட்கார்ட். அவர் அங்க கார் கம்பெனில இன்ஜினியர், ப்ளூ கார்டுங்கற வேலை பர்மிட்ல இருக்கார். நான் இங்க பேங்க்ல பாத்துட்டு இருந்த வேலைய விட்டுட்டுப் போனேன். தங்கச்சி கல்யாணத்துக்கு ஜூன்ல வந்தேன், ஆகஸ்ட் கடைசில ரிட்டர்ன் டிக்கெட், நினைச்சாலே வயித்த பிசையுது. போன புதுசுல எதிர் ஃப்ளாட் அம்மா பெல் அடிச்சு "உங்க வாரம் முடிஞ்சு போச்சு, படிக்கட்டு பெருக்கவே இல்லையே"ன்னு முகத்துக்கு நேரா கேட்டாங்க, ஒரு சிரிப்பு கூட இல்ல. ஒரு ஞாயித்துக்கிழமை முருகன் படம் மாட்ட சுவத்துல ட்ரில் போட்டோம், கீழ் வீட்டுக்காரர் மேல வந்துட்டார். தீபாவளிக்கு லட்டும் முறுக்கும் குடுத்தேன், டப்பாவ கழுவி காலியா திருப்பிக் குடுத்தாங்க, உள்ள ஒரு தேங்க்ஸ் கார்டு. அவர் ஆபீஸ் ஃப்ரெண்டு பிறந்தநாளுக்கு மூணு மணிக்கு வரச் சொன்னாரு, விருந்துன்னு நினைச்சு மத்தியானம் சாப்பிடாம போனோம், கேக்கும் காபியும்தான். ஜுரம்னு டாக்டர்ட்ட போனா ரெஸ்ட் எடுங்க, டீ குடிங்கன்னு அனுப்பிட்டாங்க. டிசம்பர்ல நாள் முழுக்க ஒருத்தர்கிட்ட கூட பேசாம இருந்திருக்கேன், சாயங்காலம் காரணமே இல்லாம அழுகை வரும். அவர்கிட்ட சொன்னா பழகிடும்ங்கறார். இங்க சொந்தக்காரங்க உனக்கென்னம்மா ஃபாரின்ல இருக்கேங்கறாங்க. இதுல கொடுமை, இங்க வந்தும் ஒட்டல. சயான் ஸ்டேஷன்ல இறங்க விடாம ஏறினவங்கள கத்திட்டேன், ஹாரன் சத்தத்துல தலைவலி. தப்பு என்கிட்டயா அவங்ககிட்டயா? நான் இங்கயே இருந்துடலாமா?

பதில்:

தப்பு யார்கிட்டங்கறத அப்புறம் பாக்கலாம்மா. உங்க லெட்டர்ல ரெண்டு விஷயம் ஒண்ணோட ஒண்ணு பின்னிக் கிடக்கு, அத முதல்ல பிரிச்சுடுவோம். படிக்கட்டு, ட்ரில், டப்பா, கேக்கு எல்லாம் ஒரு பக்கம். டிசம்பர் முழுக்க பேச ஆள் இல்லாம இருந்தது, சாயங்கால அழுகை, இது இன்னொரு பக்கம். முதல்ல சொன்னதாலதான் ரெண்டாவது வந்துதுன்னு நீங்க நம்பறீங்க, லெட்டர் எழுதின வரிசையே அப்படித்தான் இருக்கு, ஆனா எனக்கு அப்படித் தோணல. இங்க செம்பூர்ல என்கிட்ட பேச வர்ற பொண்ணுங்கள்ல வெளிநாடு போய் வந்தவங்க நிறைய, எல்லாருமே முதல்ல அந்த ஊர்க்காரங்களப் பத்தித்தான் புகார் சொல்லுவாங்க, கொஞ்ச நேரம் பேசவிட்டா விஷயம் வேற எங்கயோ போய் நிக்கும்.

அந்த படிக்கட்டு விஷயத்த எடுத்துக்குவோம். அதுக்கு கேர்வோகேன்னு பேரு, உங்களுக்கே இப்ப தெரிஞ்சிருக்கும். ஸ்டுட்கார்ட் இருக்கற ஸ்வாபியா பக்கம்தான் இது பிரசித்தம், ஜெர்மனிலயே மத்த ஊர்க்காரங்க இத வெச்சு அவங்கள கிண்டல் பண்ணுவாங்க. 1492லயே ஊர சுத்தமா வெச்சுக்கணும்னு ஸ்டுட்கார்ட்ல சட்டம் போட்டாங்க, பழக்கம் அங்கேர்ந்து வர்றதுதான்னு சொல்றாங்க. ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு வாரம், உங்க முறை வந்தா கதவுல போர்டு மாட்டிட்டுப் போயிடுவாங்க, சின்ன முறைன்னா உங்க மாடிப் படிக்கட்டு, பெரிய முறைன்னா வாசல், நடைபாதை, நிலவறை, பனி விழுந்தா பனியும். பல வாடகை அக்ரிமென்ட்லயே இது இருக்கும். உங்க வீட்டுக்காரர் கையெழுத்து போட்ட பேப்பர்லயும் இருந்திருக்கலாம், படிச்சிருக்க மாட்டார்.

இப்ப நம்ம பக்கம் வாங்க. மும்பைல ஹவுசிங் சொசைட்டில வளந்த பொண்ணு நீங்க, ரூல்ஸ்னா என்னன்னு உங்களுக்கு நான் சொல்லணுமா? மத்தியானம் ரெண்டுலேர்ந்து நாலு வரைக்கும் தட்டற சத்தம் கூடாது, கேலரில செருப்பு ஸ்டாண்டு கூடாது, வெளில துணி சொட்டச் சொட்ட காயப்போடக் கூடாது, மெயின்டனன்ஸ் கட்டாதவங்க பேரு நோட்டீஸ் போர்டுல. நம்ம செக்ரட்டரிய விட கறாரான ஆள் உலகத்துல உண்டா. ஆக ரூல் இருக்கறது உங்களுக்கு புதுசு இல்ல, அத சொன்ன விதம்தான் புதுசு. இங்க அந்த அம்மாவுக்கு உங்க மேல குறை இருந்தா என்ன பண்ணியிருப்பாங்க? வாட்ஸாப் க்ரூப்ல "சில மெம்பர்ஸ் படிக்கட்ட கவனிக்கறதில்ல, தயவுசெஞ்சு கோஆபரேட் பண்ணுங்க"ன்னு ஒரு கைகூப்பி பொம்மையோட போட்டிருப்பாங்க, எல்லாருக்கும் அது யாருன்னு தெரியும், லிஃப்ட்ல பாத்தா சிரிப்பாங்க, நீங்களும் சிரிப்பீங்க. அங்க பெல் அடிச்சு சொல்லிட்டுப் போயிட்டாங்க. அவங்க கணக்குல விஷயம் அதோட முடிஞ்சுது. நீங்கதான் பத்து மாசமா சுமந்துட்டு இருக்கீங்க. அவங்க சிரிச்சிருக்கலாம், அதுல உங்க பக்கம்தான் நான், புதுசா வந்த பொண்ணுகிட்ட ஒரு நல்ல வார்த்தை சொன்னா முத்து உதிர்ந்துடாது. ஆனா சிரிக்காததுக்கு அர்த்தம் வெறுப்புன்னு நாம எடுத்துக்கறோம் பாருங்க, அது இங்கேர்ந்து நாம கொண்டு போற கணக்கு. அங்க தெரியாதவங்களப் பாத்து சும்மா சிரிக்கற வழக்கம் கம்மி.

ஞாயித்துக்கிழமை விஷயமும் பழசுதான். 1919ல வந்த ஜெர்மனியோட வைமர் அரசியல் சட்டத்துல ஞாயித்துக்கிழமைய ஓய்வு நாளா பாதுகாக்கணும்னு ஒரு வரி இருந்துது, 1949ல புது அரசியல் சட்டம் எழுதினப்பவும் அந்த வரிய அப்படியே எடுத்து உள்ள வெச்சுக்கிட்டாங்க. அதனாலதான் கடை எல்லாம் மூடிக் கிடக்கு, ரயில்வே ஸ்டேஷன் கடை, பெட்ரோல் பங்க், காலைல கொஞ்ச நேரம் பேக்கரி, அவ்வளவுதான். கண்ணாடி பாட்டில கூட அன்னிக்கு அந்த தெருமுனை தொட்டில போடக் கூடாது, சத்தம் வருமே. ராத்திரி பத்துலேர்ந்து காலைல ஆறு வரைக்கும் அமைதி, ஞாயிறும் லீவு நாளும் நாள் முழுக்க. நமக்கு ஞாயித்துக்கிழமைன்னா மாட்டுங்கா மார்க்கெட்ல வாழையிலை, கருவேப்பிலை, பூ, கூட்டம், அப்படியே காபி, டிபன்னு போயிடும், அதனால அந்த அமைதி காதுல அடைக்கும். கீழ் வீட்டுக்காரர் மேல வந்தது முருகனுக்காக இல்லம்மா, ஐன்ஸ்டீன் படம் மாட்டியிருந்தாலும் வந்திருப்பார்.

டப்பா காலியா வந்துதுன்னு வருத்தப்படாதீங்க. காலிப் பாத்திரம் திருப்பிக் குடுக்கக் கூடாதுங்கறது நம்ம வீட்டு வழக்கம், அரை கிண்ணம் சக்கரையாவது போட்டுக் குடுப்போம். அவங்களுக்கு அது தெரியாது, அவங்க தெரிஞ்ச மரியாதை அந்த கார்டு. மூணு மணி அழைப்புன்னா அங்க கேக்கு காபின்னுதான் அர்த்தம், ராத்திரி சாப்பாட்டுக்கு கூப்பிட்டா ஆறு ஏழு மணி சொல்லுவாங்க, அப்பவும் பல வீட்ல ரொட்டியும் சீஸுமாத்தான் இருக்கும், ஏன்னா பழைய வழக்கப்படி அவங்களுக்கு சூடான சாப்பாடு மத்தியானம். அடுத்த தடவ நேராவே கேட்டுடுங்க, சாப்பாடு உண்டா, நாங்க வெஜிடேரியன், என்ன கொண்டு வரட்டும்னு. அங்க அத யாரும் தப்பா எடுத்துக்க மாட்டாங்க, கேக்காம பட்டினியா வந்து உக்காந்தாதான் அவங்களுக்கு சங்கடம். டாக்டர் விஷயத்துல எனக்கும் கொஞ்சம் உங்க கோபம்தான், ஆனா வைரஸ் ஜுரத்துக்கு ஆன்டிபயாட்டிக் எழுதாததும் ஊசி போடாததும் நல்ல வைத்தியம்தான், நாமதான் ரெண்டு மாத்திரை கைல வந்தாத்தான் டாக்டர் பாத்தார்னு நம்பறோம். பாரசிட்டமால் கூட அங்க மருந்துக் கடைலதான், சூப்பர் மார்க்கெட்ல கிடையாது, ஞாயித்துக்கிழமை அந்தக் கடைகள்ல முறை வெச்சு ஒண்ணுதான் திறந்திருக்கும். அதனால ஒரு அட்டை மாத்திரை இங்கேர்ந்தே எடுத்துட்டுப் போங்க. டாக்டர் ரூம் மூடின நேரத்துல அவசரம்னா 116117, உயிர் போற அவசரம்னா 112, ரெண்டையும் போன்ல போட்டு வெச்சுக்கோங்க.

இதுக்கு நடுவுல ஒண்ணு சொல்லிடறேன். எல்லாத்தையும் அவங்க வழக்கம்னு விட்டுடணும்னு நான் சொல்லல. நிறத்தப் பாத்தோ நாட்டப் பாத்தோ யாராவது ஏதாவது சொன்னாலோ, அதுக்காக வீடோ வேலையோ இல்லைன்னாலோ, அது கலாச்சார வித்தியாசம் இல்ல, அதுக்கு 2006லேர்ந்து அங்க தனிச் சட்டம் இருக்கு, அரசாங்கத்தோட பாகுபாடு எதிர்ப்பு அலுவலகமும் இருக்கு, புகார் பண்ணலாம். உங்க லெட்டர்ல அப்படி எதுவும் இல்ல, இருந்தா மறைக்காம எழுதுங்க.

சரி, இப்ப டிசம்பருக்கு வருவோம், எனக்கு உறுத்தறது அதுதான்.

நீங்க போனது செப்டம்பர்ல. மும்பைல டிசம்பர்லயும் பதினோரு மணி நேரம் வெளிச்சம் இருக்கு, ஸ்டுட்கார்ட்ல அந்த மாசக் கடைசில எட்டேகால் மணி நேரம்தான், சாயங்காலம் நாலரைக்கெல்லாம் சூரியன் போயிடும், பாதி நாள் மேகம் வேற. வெளிச்சம் குறைஞ்சா மனசு தளர்றது நிஜமாவே உடம்பு சம்பந்தப்பட்ட விஷயம், அந்த ஊர்லயே பொறந்தவங்களுக்கும் வரும், நீங்க பலவீனம்னு அர்த்தம் இல்ல. போறதுக்கு முன்னாடி இங்கயே வைட்டமின் டி டெஸ்ட் பண்ணிடுங்க, நம்ம நிறத்துக்கு அந்த ஊர் வெயில் பத்தாது. அழுகையோட சேந்து தூக்கம் போறது, சாப்பாடு பிடிக்காம போறது, இருந்து என்ன பிரயோஜனம்ங்கற மாதிரி நினைப்பு, இதுல எதாவது இருந்திருந்தா அது நான் லெட்டர்ல பதில் சொல்ற விஷயமில்ல, நேரா ஒரு டாக்டர்கிட்ட சொல்லணும், இங்க ஆகட்டும் அங்க ஆகட்டும்.

ஆனா வெளிச்சம் மட்டும் இல்ல. நீங்க ஒரே மாசத்துல வேலைய விட்டீங்க, சம்பளத்த விட்டீங்க, அம்மாவ விட்டீங்க, பாஷையையும் விட்டீங்க. அவருக்கு என்ன போச்சு? அவர் காலைல எட்டு மணிக்கு இங்கிலீஷ் பேசற ஆபீஸுக்குப் போறார், கேன்டீன்ல நாலு பேரோட சாப்பிடறார், அவருக்கு மாறினது ஊர் மட்டும்தான். அதனாலதான் அவரால "பழகிடும்"னு சொல்ல முடியுது. அந்த வார்த்தை மேல எனக்கு கோபம், அவர் மேல இல்ல. இந்த பாராவ அவர்கிட்ட படிச்சுக் காட்டுங்க. 1980கள் ஆரம்பத்துலயே ரோசலி டங்னு ஒரு பேராசிரியர் அமெரிக்க கம்பெனிங்கள்ல விசாரிச்சு, வெளிநாட்டுக்கு அனுப்பின ஆளுங்க பாதில திரும்பறதுக்கு முதல் காரணம் வேலை தெரியாதது இல்ல, கூடப்போன மனைவியோ கணவனோ அங்க ஒட்ட முடியாததுதான்னு எழுதினாங்க. அதனால நீங்க அழறது வீட்டு விஷயம், அவர் வேலை தனி விஷயம்னு அவர் நினைச்சா அது கணக்கு தப்பு.

இப்ப ஃப்ரெண்ட்ஸ். சயான்லேர்ந்து விடி ஸ்டேஷனுக்கு தினம் ட்ரெயின்ல லேடீஸ் கம்பார்ட்மென்ட்ல போயிருப்பீங்க இல்ல. அங்க உங்களுக்கு கூட்டாளிங்க எப்படி கிடைச்சாங்க, யாராவது முதல் நாளே கட்டிப் பிடிச்சாங்களா? முதல் மாசம் உக்காரக் கூட விட்டிருக்க மாட்டாங்க. தினம் அதே 8.12 ட்ரெயின், அதே பெட்டி, அதே ஜன்னல் பக்கம், ஒரு நாள் ஒருத்தி நகர்ந்து இடம் விட்டிருப்பா, அப்புறம் கொத்தமல்லி ஆஞ்சுக்கிட்டே மாமியார் கதை, அப்புறம் ஹல்தி குங்குமம், வளைகாப்பு வரைக்கும் வந்திருக்கும். ஜெர்மன்காரங்ககிட்டயும் வழி இதேதான், எதிர் வீட்டு வாசல்ல ஆரம்பிக்கவே ஆரம்பிக்காது, வாரா வாரம் அதே நேரம் அதே இடத்துல முகம் தெரிஞ்சுதான் ஆரம்பிக்கும். அதுக்குன்னே அங்க ஃபெரைன்னு பதிவு பண்ணின சங்கங்கள் இருக்கு, நாடு முழுக்க ஆறு லட்சத்துக்கும் மேல, பாட்டு, ஜிம்னாஸ்டிக்ஸ், மலை ஏற்றம், தோட்டம், செஸ், என்ன வேணா. உங்களுக்கு பாட்டு வருமா, கோரஸ்ல சேருங்க, பாஷை அரைகுறையா இருந்தாலும் பரவால்ல. முதல் மூணு மாசம் யாரும் வீட்டுக்கு கூப்பிட மாட்டாங்க, அதுக்குள்ள விட்டுடாதீங்க. கூப்பிட்டாங்கன்னா அது நிஜமாவே கூப்பிடறது, நம்ம "ஒரு நாள் வீட்டுக்கு வாங்கோ" மாதிரி இல்ல, டைரி எடுத்து தேதி போடுவாங்க.

பாஷை இல்லாம இது எதுவும் நடக்காது. ப்ளூ கார்டுக்காரரோட மனைவிங்கறதால விசாவுக்கு ஜெர்மன் கேக்கல, அது சலுகைன்னு எல்லாரும் சொல்றாங்க, உங்க விஷயத்துல அது கெடுதலாப் போச்சு, ஒரு வார்த்தை தெரியாம போய் இறங்கினீங்க. டிக்கெட்டுக்கு இன்னும் நாள் இருக்கு, காலா கோடால ஜெர்மன் சொல்லித் தர்ற மாக்ஸ் முல்லர் பவன் இருக்கு, என்ன கோர்ஸ் நடக்குதுன்னு நாளைக்கே போய்க் கேளுங்க. அங்க போனதும் ஃபோல்க்ஸ்ஹோஹ்ஷூலேன்னு ஒவ்வொரு ஊர்லயும் மக்கள் கல்லூரி மாதிரி ஒண்ணு உண்டு, குறைஞ்ச ஃபீஸ். இல்லைன்னா இன்டெக்ரேஷன் கோர்ஸ், அதுல 600 மணி பாஷை, 100 மணி அந்த ஊர் சட்டம், சரித்திரம், வழக்கம். அந்த வகுப்புல சிரியா, துருக்கி, பிரேசில், உக்ரைன்னு உங்கள மாதிரியே திண்டாடற பொண்ணுங்க உக்காந்திருப்பாங்க, நிறைய பேருக்கு முதல் சிநேகிதி அங்கதான் கிடைக்குது, ஜெர்மன்காரி இல்ல. வேலை பாக்க உங்களுக்கு அனுமதி இருக்கு, தனியா பர்மிட் வேண்டாம். ஆனா பேங்க் கவுன்டர் மாதிரி ஆளுங்களோட பேசற வேலைக்கு நல்ல ஜெர்மன் கேப்பாங்க, அது ஒண்ணு ரெண்டு வருஷ வேலை, அத மறைச்சு உங்களுக்கு நம்பிக்கை குடுக்க நான் விரும்பல.

நம்ம ஆளுங்க வேணும்னு தோணும், தோணட்டும். ஹாம்ங்கற ஊர்ல இலங்கைத் தமிழர்கள் கட்டின காமாட்சி அம்மன் கோயில் இருக்கு, 2002ல கும்பாபிஷேகம், தேர்த் திருவிழாவுக்கு ஆயிரக்கணக்குல கூட்டம். ஸ்டுட்கார்ட்லேர்ந்து தூரம்தான், ஒரு தடவ ரெண்டு பேரும் போயிட்டு வாங்க. ஆனா வாரத்துல ஏழு நாளும் நம்ம ஆளுங்களோடயே இருந்து அந்த ஊர திட்டறதே பொழுதுபோக்கா ஆயிட்ட குடும்பங்களும் உண்டு, அதுல மாட்டிக்காதீங்க. இன்னொண்ணு, மும்பையும் ஸ்டுட்கார்ட்டும் 1968லேர்ந்து சகோதர நகரங்கள், எந்த விதத்துல சகோதரம்னு எனக்கு இன்னும் பிடிபடல, இருந்துட்டுப் போகட்டும்.

இங்க வந்தும் ஒட்டலன்னு எழுதியிருக்கீங்க, அது உங்களுக்கு பயமா இருக்கு, எனக்கு அதுதான் இந்த லெட்டர்லயே நல்ல சேதி. ஒரு ஊர வெறுத்து பத்து மாசம் ரூமுக்குள்ள இருந்தவங்க சயான் ஸ்டேஷன்ல வரிசை கேட்டு கத்த மாட்டாங்க. அந்த ஊர் உங்களுக்குள்ள கொஞ்சம் வந்தாச்சு. வெளிநாடு போனா ஏற்படற தடுமாற்றத்துக்கு 1960ல கலர்வோ ஓபர்க்னு ஒரு மானிடவியல்காரர் கல்ச்சர் ஷாக்னு கட்டுரை எழுதினார், முதல்ல தேனிலவு, அப்புறம் நெருக்கடி, அப்புறம் சரியாகும்னு. உங்களுக்கு தேனிலவே இல்ல, நேரா நெருக்கடிலதான் இறங்கினீங்க, நிறைய பேருக்கு அப்படித்தான். திரும்பி வந்தப்புறம் சொந்த ஊர்லயும் அதே தடுமாற்றம் வரும்னு 1963லயே இன்னொரு கட்டுரை வந்துடுச்சு. ஆகவே ஹாரன் தலைவலிக்கு டாக்டர் வேண்டாம், ரெண்டு மாசத்துல ஹாரன் காதுல விழாது.

இங்கயே இருந்துடலாமாங்கற கேள்விக்கு வர்றேன். இருக்கலாம், யாரும் கட்டி இழுத்துட்டுப் போக முடியாது. ஆனா சும்மா தள்ளிப் போட்டுக்கிட்டே இருக்காதீங்க. சாதாரண ரெசிடென்ஸ் பர்மிட்னா ஆறு மாசத்துக்கு மேல ஜெர்மனிக்கு வெளில இருந்தா அது செல்லாம போயிடும், ப்ளூ கார்டுக்காரங்களுக்கும் அவங்க குடும்பத்துக்கும் பன்னெண்டு மாசம். முடிவு எடுக்காம இருந்தா அந்த முடிவ சட்டம் எடுத்துடும், அப்புறம் தங்கச்சி கல்யாணத்துக்கு வந்து பொறந்த வீட்லயே தங்கிட்டான்னு ஒரு பேரு வேற, நம்ம சொந்தக்காரங்க வாய் உங்களுக்குத் தெரியாததா.

என் கருத்த கேட்டா, போங்க, ஆனா போன தடவ போன மாதிரி போகாதீங்க. நல்ல வேளையா ஆகஸ்ட்ல போறீங்க, ராத்திரி எட்டரை வரைக்கும் வெளிச்சம் இருக்கும், குளிர் வர்றதுக்குள்ள வகுப்பு, ஒரு சங்கம், ரெண்டும் ஆரம்பிச்சுடணும், நவம்பர்ல போய் தேடினா வீட்ட விட்டு கிளம்பவே தோணாது. ப்ளேன் ஏறறதுக்கு முன்னாடியே அவர்கிட்ட பேசி முடிச்சுடுங்க, வகுப்பு ஃபீஸ், வாரத்துல ரெண்டு சாயங்காலம் அவர் சீக்கிரம் வர்றது, அடுத்த மார்ச் வரைக்கும் முயற்சி பண்ணியும் இதே நிலைமைன்னா மும்பைல வேலை தேடிக்கறதப் பத்தி சண்டை இல்லாம பேசறது. இத அவர் ஒத்துக்கலைன்னா பிரச்சனை ஜெர்மனில இல்ல, அப்ப ரெண்டு பேருமா என்ன வந்து பாருங்க.

கிரைண்டர் எடுத்துட்டுப் போலாமான்னு பின்குறிப்புல கேட்டிருந்தீங்க. தாராளமா எடுத்துட்டுப் போங்க, அங்கயும் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ்தான், பின் மட்டும் வேற, எர்த் இருக்கற நல்ல அடாப்டரா பாத்து வாங்குங்க. மாவு பொங்கலைன்னா ஓவன்ல லைட்ட மட்டும் போட்டு உள்ள வெச்சுடுங்க. அரைக்கறத சனிக்கிழமை பகல்ல முடிச்சுடுங்க.